பூண்டு மணக்கும் வெள்ளைக் கோட்டு

உன் வெள்ளைக் கோட்டு என் கதிரையில் கிடக்கிறது. பூண்டு மணக்கிறது. மூன்று நாட்களாக, ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் இந்த ஒற்றை அறை முழுக்க அதே மணம்தான்.

கொண்டுவந்தவர் உன் அப்பா. முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அட்டைக்கு இதைப் படம் எடுத்துத் தரவேண்டுமாம். ஹங்கேரியில் நீ எப்படி மருத்துவம் படித்தாய் என்று ஒரு பக்கம் எழுதியும் தரவேண்டுமாம்; அங்கே வந்து உன்னைப் பார்த்த சிநேகிதி நான்தானே. உன் பெயருக்கு முன்னால் 'வைத்தியர்' என்று ஏற்கெனவே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். நம்மவர்கள் செத்த பிள்ளையைக்கூடப் பட்டம் கட்டித்தான் அனுப்புவார்கள். வாசலில் சப்பாத்தைப் போட்டபடி அவர் கேட்டார்: "பிள்ளை, உதிலை ஏன் பூண்டு மணக்குது? உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். பொய்.

போன ஒக்டோபரில் செகெட் நகரத்துக்கு வந்து உன்னோடு ஐந்து நாள் நின்றேன். உன் பல்கலைக்கழகத்தைக் காட்டு என்றேன்; நீ சந்தைக்குக் கூட்டிப்போனாய். உடற்கூற்றியலில் இரண்டாம் முறையும் பெயிலாகி, ஒரு வருடமாக அங்கே கொதிக்கும் எண்ணெய்க்கு முன் நின்று லாங்கோஷ் பொரித்துக்கொண்டிருந்தாய். தட்டையான மாவுரொட்டி, மேலே பூண்டுத் தண்ணீர், புளித்த கிரீம். எனக்கு ஆத்திரம். பசியும்தான். இரண்டு தின்றேன்.

பிறகு உன் நகரத்தைக் காட்டினாய். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டும் நீ கவலைப்படாத டிராம். திஸா ஆற்றங்கரையில் காலை நீட்டிச் சூரியகாந்தி விதை கொறித்தோம். மிளகாய் விற்கும் கிழவி உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பிடி கூடப் போட்டாள். ஒஸ்லோவில் நம்மவர் கூடும் மண்டபங்களில் நமக்குப் பெயர் கிடையாது. படிப்பு எந்தளவில் என்பதுதான் விசாரிப்பு.

ஞாயிறு காலை பூண்டுத் தண்ணீர் காயாத கையோடு இந்தக் கோட்டை மாட்டி, சந்தைக் கழிவறையின் வெள்ளைச் சுவருக்கு முன் நின்று, வீட்டோடு வீடியோவில் கதைத்தாய். பின்னால் கடைக்காரி உன்னைத் தேடிக் கத்தினாள். ஆர் அது என்று உன் அம்மா பதறினார். "நோயாளி அம்மா. ஊசிக்குப் பயம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அந்த நகரத்து வெந்நீர்க் குளியல் குளத்தில் உன்னைக் கோழை என்றேன். நீ கோபப்படவில்லை.

"பெயில் எண்டதைச் சொல்லலாமடி. நாலு நாள் அழுவினம், முடிஞ்சுது. நான் இஞ்சை சந்தோசமா இருக்கிறன் எண்டதை எப்பிடிச் சொல்லுறது?"

ஜனவரியில் அதைச் சொல்லத்தான் ஒஸ்லோவுக்கு வந்தாய். சொல்லு, சொல்லு என்று தினமும் செய்தி அனுப்பி வரவைத்தவள் நான். மூன்றாம் நாள் லோறென்ஸ்கூக் வீதியில், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் உன் கார் சறுக்கியது. அதற்குள் நீ எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நீ சொல்லாமல் விட்டது இப்போது என்னிடம் வந்து நிற்கிறது. ஆறு மணிக்கு உன் அப்பா வருவார். படம் எடுக்கவில்லை. நான் எழுதிவைத்திருக்கும் பக்கத்தில் மருத்துவம் இல்லை. சந்தையும் ஆறும் அந்தக் கிழவியும்தான். அவர் கத்தலாம், அழலாம், இனி என் முகத்தில் முழிக்காமலும் போகலாம். பரீட்சையிலிருந்து தொடங்கமாட்டேன். அவர் கேட்ட பூண்டிலிருந்து தொடங்குவேன்.

கோட்டை நான் கழுவவில்லை.