அமலியின் பெயரில் வந்த மெயில்கள்

9 ஜூன், திங்கள்

மகள் ஆன்சிக்கு இன்று மூன்றாம் வகுப்பு தொடங்கியது. லிசி வந்து தலை பின்னிவிட்டு, டிபன் கட்டி, பள்ளியில் விட்டாள். மார்ச்சில் என் மனைவி அமலி நோயில் இறந்ததிலிருந்து அவள் தங்கை லிசிதான் இந்த வீட்டை நடத்துகிறாள். நான் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போகிறேன், மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், திரும்பி வருகிறேன்.

மத்தியானம் ஒரு மெயில். அனுப்பியவர் பெயர்: அமலி பிலோமின்ராஜ். ‘என்னை ஏன் கொன்றாய்?’ வேறொன்றும் இல்லை. அவளுடைய பழைய முகவரி அல்ல. யாரோ புதிதாகத் தொடங்கியது. பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டேன்.

12 ஜூன்

இன்னொன்று.

20 ஜூன், வெள்ளி

இப்போது தினமும் வருகிறது. ‘ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.’ ‘கடைசியாக இளநீர் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?’

அவள் இளநீர் கேட்டது யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்து போனவர்கள் சிலர்தான். யோசிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். கோபம் வர வேண்டும். வரவில்லை.

24 ஜூன், செவ்வாய்

மேனேஜர் கியாசுதீன் சார் அறைக்குக் கூப்பிட்டார். அதே முகவரியிலிருந்து கடைக்கும் மெயில் வந்திருக்கிறது. நான் இங்கிருந்து ஊசி மருந்து எடுத்துப்போய் மனைவிக்குப் போட்டுக் கொன்றேனாம்.

“நான் நம்பல பிலோமின். ஆனா முதலாளிக்கும் போயிருக்கு. ஸ்டாக் பார்த்து முடிக்கிற வரைக்கும் லீவுல இருங்க.”

“சரி சார்.”

“எதையும் அழிச்சிடாதீங்க. போலீஸ்ல குடுங்க. நீங்க சும்மா இருந்தா அதான் உண்மைன்னு ஆயிடும்.”

25 ஜூன்

சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தேன். எஸ்.ஐ. பெயர் பவுனம்மாள். ஸ்கிரீன்ஷாட் போதாது என்று மெயில்களை அப்படியே முழுசாக இறக்கி வாங்கிக்கொண்டார். மெயில் கம்பெனிக்கு எழுதி, முகவரியைத் தொடங்கியது எந்த போன் நம்பரிலிருந்து என்று கேட்பார்களாம். நாளாகும்.

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

“இல்லைங்க.”

பொய்யா அது? தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து லிசியிடம் சொன்னேன். “நல்லதுதான் மாமா” என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

2 ஜூலை

புகார் கொடுத்த நாளிலிருந்து மெயில் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

21 ஜூலை, திங்கள்

பதில் வந்துவிட்டது என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பவுனம்மாள் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். “இந்த நம்பர் தெரியுமா?”

ஆன்சியின் பள்ளியில், அவசரத்துக்குக் கூப்பிட என்று நானே எழுதிக் கொடுத்த நம்பர்.

“தெரியும்ங்க. என் கொழுந்தியா.”

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். வீட்டுக்கு வந்தபோது லிசி ஆன்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் உன்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

23 ஜூலை

எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு? என் புள்ளைக்குச் சோறு ஊட்டின கையாலயே—

நடந்ததை எழுதுகிறேன். ஸ்டேஷனில் அவள் மறுக்கவில்லை. தலையும் குனியவில்லை.

“அக்காவ ஏன் ஆஸ்பத்திரியில வைக்காம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

“இத நேர்ல கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா சொல்லியிருப்பீங்களா? அவ போனதிலேருந்து நீங்க ஒரு வார்த்தை பேசினீங்களா மாமா? ஒரு சொட்டு அழுதீங்களா? எனக்கு யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல.”

“அவதான் வீட்டுக்குப் போகணும்னா. டாக்டரும் சரின்னார்.”

“என்கிட்ட சொல்லலையே.”

“உன்கிட்ட சொல்ல முடியலன்னுதான் என்கிட்ட சொன்னா.”

அப்போதுதான் லிசி அழுதாள். பவுனம்மாள் என்னைப் பார்த்து, “குடும்ப விஷயம். வாபஸ் வாங்கிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. எனக்கு அனுப்பினது போகட்டும். கடைக்கு அனுப்பினது பொய்னு இவ பேர் போட்டு எழுதட்டும். அதுக்கப்புறம் சொல்றேன்.”

என் குரல்தானா என்று இருந்தது.

24 ஜூலை

லிசி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சித்திக்கு உடம்பு சரியில்லை என்று ஆன்சியிடம் சொன்னேன். நான் போட்ட பின்னலில் ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்படியே பள்ளிக்குப் போனாள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மறுபடி வேலை. ஸ்டாக்கில் எதுவும் குறையவில்லை. லிசி எழுதிய மெயிலை கியாசுதீன் சார் காட்டினார். தன் பெயர் போட்டு எழுதியிருக்கிறாள். ‘நான் எழுதியது பொய். அவர் என் அக்காவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.’

இரண்டாவது வரியை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று அவளும் எழுதிக் கொடுத்திருந்தாள். புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். காவிரிப் பாலம் தாண்டியும் நிற்கவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், சித்தியைப் பார்க்கணும் என்று ஆன்சி அடம். போன் செய்தேன். லிசி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை. போ என்றும் வரவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டேன். உட்கார்ந்தாள். ஆன்சி அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “சர்க்கரை போதுமா?” என்று கேட்டேன்.

“போதும் மாமா.”

அவள் போய்விட்டாள். நாற்காலி இன்னும் வெளியேதான் கிடக்கிறது. உள்ளே எடுத்துப் போடவில்லை.