பழனி வாங்காமல் போன பிஸ்டல்

என் அருமை மச்சான் பழனிக்கு,

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. இங்கே டெக்சஸில், கேட்டி ஃப்ரீவேயில் காலை டிராஃபிக் அப்படியேதான் இருக்கிறது. உன் பக்கத்து வீட்டுக்காரர் தன் புல்லை வெட்டும்போது உன் வீட்டுப் புல்லையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போகிறார், யாரும் கேட்காமலே. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடுமாம், என் ஆபீசில் அந்த ஒய்டூகே பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. நீ இருந்திருந்தால் எங்கள் கம்ப்யூட்டர் ஆட்களை எவ்வளவு கிண்டல் செய்திருப்பாய்!

எல்லாம் நலம் என்று எழுதத்தான் ஆசை. பெரும்பாலும் நலம்தான். ஆனால் இந்தக் கடிதம் உன் துப்பாக்கிகளைப் பற்றியது. அவை என்ன ஆயின என்று உனக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். வேறு யார் சொல்லுவார்கள்?

உன் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து உன் மனைவி தேவகி என்னைக் கூப்பிட்டாள். வீட்டை விட்டுவிட்டு ஆஸ்டினில் மகள் நித்யாவோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னாள். பிறகு உன் இரும்புப் பெட்டியைக் காட்டினாள்.

“இதையெல்லாம் அபார்ட்மென்ட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுங்கண்ணா. சுகர் லேண்ட்ல ஒரு டாக்டர் இருக்காராம், துப்பாக்கி சேக்கறவராம். மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்றாரு. நித்யாகிட்ட கேட்டா, ‘ஜஸ்ட் செல் தெம், மாம்’ங்கறா. நீங்க என்ன சொல்றீங்க?”

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை, உனக்குத் தெரியும். கன் ஷோவுக்கு உன்னோடு வந்து, பை தூக்கி, ஹாட் டாக் தின்றுவிட்டுத் திரும்புகிறவன். ஆனாலும் சனிக்கிழமை காலையில் நீ ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க, நான் காபியோடு எதிரே உட்கார்ந்து உன்னை வம்புக்கு இழுப்பேனே, அது எனக்குக் கோயிலுக்குப் போவது போல. அந்தப் பெட்டி போனால் அந்தச் சனிக்கிழமைகளும் போய்விடும் என்று பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உன்னையே இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டு போவது போல இருந்தது.

அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “கலெக்‌ஷன் இன்னும் முடியலை தேவகி. அவன் கடைசியா ஒண்ணு பாத்துட்டிருந்தான். அதை வாங்கி வச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.” முழுசாகிவிட்டால் அதை விற்க அவளுக்கு மனசு வராது என்பது என் கணக்கு. “சரிங்கண்ணா, அதுவரைக்கும் வெயிட் பண்ணச் சொல்றேன்” என்றாள்.

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நீ இரண்டு வருடமாகத் தேர்ந்தெடுக்காமல் இழுத்தடித்த பிஸ்டலை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்!

உன் கொள்கை எனக்கு மனப்பாடம். எண்ணிக்கை முக்கியமில்லை, ஒவ்வொரு வகையிலும் நல்லதாக ஒன்று. பழைய ரிவால்வர் வந்துவிட்டது, போர்க்காலத்துப் பிஸ்டல் வந்துவிட்டது, போலீஸ்காரர்கள் வைத்திருப்பது, குறிபார்த்துப் பழகுவது எல்லாம் வந்துவிட்டன. பாக்கி ஒரு செமி கஸ்டம். அதென்னடா என்று நான் கேட்டபோது நீ சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்லுவேன். கடையில் தொங்குகிற ரெடிமேட் சட்டை ஒன்று. டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைப்பது ஒன்று, அதற்குக் காசும் அதிகம், வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். நடுவில் ஒன்று இருக்கிறது: நல்ல துணியில் தைத்த ரெடிமேட்டை எடுத்து நம் உடம்புக்கு ஆல்டர் செய்துகொள்வது. காசுக்கு ஏற்ற பொருள் அதுதான் என்பாய்.

உனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்க வேண்டும். காரணமும் ஊருக்கே தெரியும். ஓர் ஆயுத பூஜைக்கு அந்த நீலப் பூச்சு ரிவால்வருக்கு ஈரச் சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தாய். மறுபூஜை முடியும் வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டாய். எடுத்துத் துடைத்தால் சந்தனம் போய்விட்டது, பொட்டு போகவில்லை. நல்ல வட்டமாகத் துரு. எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நீ பட்ட பாட்டைப் பார்த்து என் சாந்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தங்கச்சியா அவள்!

மற்றபடி எதைப் பார்த்தாலும் உனக்கு ஏதோ ஒன்று சரிப்படாது. ராயின் துப்பாக்கிக் கடைக்கு நாம் போன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. அந்த மனுஷன் பொறுமையாகக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். நீ கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வலக்கையால் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்வாய். முதல் தடவை அவர் ஆடிப்போய்விட்டார். “சார், ப்ளீஸ், முகத்துக்கு நேரா வேண்டாம்” என்று கெஞ்சினார். காலித் துப்பாக்கிதான் என்றாலும் அவருக்கு அது பெரிய பாவம். பிறகு பிடித்துப் பார்ப்பாய், தூக்கிப் பார்ப்பாய், பெருமூச்சு விடுவாய். “நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா கையில உக்கார மாட்டேங்குது. இன்னொண்ணு பாக்கலாம்.” பொண்ணு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் பஜ்ஜி தின்றுவிட்டு, போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லுகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரிதான் நீ.

நீ இல்லாமல் அந்தக் கடைக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. ராய் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பிஸ்டல்களைக் கவுண்டரில் எடுத்து வைத்தார். இரண்டும் சின்னப் பட்டறைகளின் வேலை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று பளபளவென்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல இருந்தது, மேலெல்லாம் கோடு கோடாய் வெட்டி, டிரிகரில் தங்க நிறம். இன்னொன்று சாம்பல் நிறத்தில் சாதுவாக இருந்தது. ஆனால் குழலை மூடியிருக்கும் அதன் ஸ்லைடைப் பின்னால் இழுத்தபோது எந்த உதறலும் இல்லை, வெண்ணெய்போல நகர்ந்தது. இதில்தான் கைவேலை அதிகம் என்றார் ராய். குழலையும் ஸ்லைடையும் கையாலேயே ராவிப் பொருத்தியிருக்கிறார்களாம். கைப்பிடி, குறிபார்க்கும் முள், சேஃப்டி லீவர் எல்லாம் நாம் கேட்கிற மாதிரி மாற்றித் தருவார்களாம்.

சாம்பல்தான் சரி என்று எனக்கே தெரிந்தது. ஆனால் எதை மாற்றச் சொல்வது? உன் கை எனக்கு எப்படித் தெரியும்? அளவு கொடுக்க வேண்டியவன் போய்விட்டான், டெய்லர் நாடாவோடு நிற்கிறார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்த பிறகுதான் உன் வசனத்தையே நானும் பேசியிருப்பது உறைத்தது.

அடுத்த வாரம் தேவகியையும் கூட்டிப் போனேன். ராய் அவளிடம் மரியாதையாக, உங்கள் கணவருக்கு நான் எத்தனையோ காட்டினேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை, ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை என்றார். அவள் அந்தச் சாம்பல் பிஸ்டலைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் இருந்த சின்ன லீவரைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். சேஃப்டி, தவறி வெடிக்காமல் இருக்கிற பூட்டு, சுடும் முன் வலது கைக் கட்டைவிரலால் தட்டிவிட வேண்டும் என்றார் ராய்.

“அப்போ இடது கைக்காரங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். “அது எதுக்கு தேவகி இப்போ?”

“அவருக்கு நொட்டாங்கைதானே அண்ணா. உங்களுக்குத் தெரியாதா?”

மச்சான், கோயம்புத்தூரில் ஒரே ஹாஸ்டல் ரூம், ஒரே பெஞ்ச். உன் தங்கச்சியையே கட்டியவன். எத்தனை பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்! எனக்குத் தெரியாது.

தேவகி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேன். வெங்காயம் நறுக்குவது, ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது, நித்யாவுக்குத் தலை பின்னுவது எல்லாம் இடது கையால்தானாம். காலிங் பெல் அடித்தால் கை மாறிவிடுமாம். “வீட்ல யாரும் இல்லாதப்போ காலித் துப்பாக்கியை எடுத்துச் செவுத்தைப் பாத்துப் புடிச்சு நிப்பாரு. அதுவும் நொட்டாங்கைலதான். அப்போ மட்டும் கை ஆடாதுங்கண்ணா. கடைல மட்டும் ஏன் சோத்துக்கைல வாங்கறீங்கன்னு ஒருநாள் கேட்டேன். ‘ஆயுதத்தைப் போய் பீச்சாங்கைல வாங்குவாங்களா’ன்னாரு.”

ராய்க்கு நான் இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊரில் இடது கையால் எதையும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள், அப்படி வளர்த்துவிட்டார்கள் என்றேன். அவர் பிஸ்டலைத் திருப்பி லீவர் இருந்த பக்கத்தைப் பார்த்தார். “இரண்டு வருஷமாக அவருக்கு நான் தப்பான பக்கத்தைக் காட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் கேட்டேன். தோசை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “ஆமா, சின்ன வயசுல அண்ணன் நொட்டாங்கைதான். அம்மா கைல சூடு வைக்கறேன்னு மெரட்டியே மாத்திட்டாங்க. அதெல்லாம் ஒரு மேட்டர்னு உங்ககிட்ட யாரு சொல்லுவா?” எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, உன் அம்மா மேலா, உன் மேலா என்று தெரியவில்லை. ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? நான் சிரிப்பேன் என்று நினைத்தாயா? சிரித்திருப்பேன்தான். அதற்குப் பிறகாவது நிம்மதியாக இருந்திருப்பாயே!

மறுநாளே ஆர்டர் கொடுத்தோம். சேஃப்டி லீவர் இரண்டு பக்கமும் வேண்டும். உன் விரல் குட்டை என்று தேவகி சொன்னதால் கைப்பிடி மெல்லியதாக. துருப்பிடிக்காத ஸ்டீல். தங்க நிறமோ பூ வேலையோ எதுவும் வேண்டாம். ராய் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். காசுக்கு ஏற்ற பொருள் என்று நீ சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

பிஸ்டல் வந்து சேரக் கோடை முடிந்துவிட்டது. உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தோம். தேவகி இடது கையால் எடுத்து, கட்டைவிரலால் லீவரைத் தட்டினாள். டக்கென்று இறங்கியது. ரொம்ப நேரம் அதையே கையில் வைத்திருந்தாள். நான் மெதுவாக, கலெக்‌ஷன் முழுசாயிடுச்சு, இனி எப்படி விக்கிறது என்று ஆரம்பித்தேன்.

“இல்லைங்கண்ணா, மத்ததெல்லாம் டாக்டருக்கே குடுத்துடலாம்” என்றாள். “அதெல்லாம் அவர் நாலு பேர் முன்னாடி சோத்துக்கைல வாங்கினது. எதுவும் அவருக்குச் சரியா உக்காரலை. பழகிக்கிட்டாரு, அவ்வளவுதான். இது ஒண்ணுதான் அவருக்கு. இதை நீங்க வச்சுக்கங்க. நான் எங்க போய் சுடப்போறேன்?”

என் கணக்கு தப்பிவிட்டது. ஆனால் அவள் சொன்னதுதான் நியாயம். டாக்டர் வந்தார், நல்ல மனிதர். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி நானே அவர் வண்டியில் ஏற்றினேன். சனிக்கிழமை காலைகள் இப்போது காலியாகத்தான் இருக்கின்றன, மச்சான். பொய் சொல்ல மாட்டேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன சனிக்கிழமை அந்தப் பிஸ்டலைச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். உனக்காகச் செய்ததை உன் கையால்தான் சுட வேண்டும் என்று இடக்கையில் பிடித்தேன். ஐயோ, அந்த அவஸ்தை! எந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியவில்லை. மணிக்கட்டு நடுங்கியது. சுட்டதெல்லாம் குறிக் காகிதத்தின் ஓரத்தில் எங்கெங்கோ போய் விழுந்தது. பக்கத்து லேன் ஆள் பரிதாபமாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே போதும், கையை மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் மச்சான், எனக்கு விளங்கியது. நான் மாற்றிக்கொள்ளலாம். நீ இப்படியே, உனக்கு வராத கையாலேயே, பரீட்சை எழுதினாய், சாப்பிட்டாய், தாலி கட்டினாய், அமெரிக்காவுக்கு வந்து எல்லோருக்கும் கை கொடுத்தாய். வாழ்நாள் முழுக்க இந்த நடுக்கத்தோடு இருந்துவிட்டு, என்னிடம் துப்பாக்கிதான் சரியில்லை என்றாய்.

நான் கையை மாற்றவில்லை. இனியும் மாற்ற மாட்டேன். மாதம் ஒரு தடவை போவேன், இடக்கையால்தான் சுடுவேன். காகிதத்தின் நடுவில் ஒன்றாவது விழும் வரை, விழுந்த பிறகும். இது உன் மேல் சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன்னைப் பாதிதான் தெரிந்துவைத்திருந்த மாப்பிள்ளை,
குமரேசன்
கேட்டி, டெக்சஸ்