பதினான்காவது வளைவில் ஒரு நாற்காலி

சேலம்
5-5-1984

அன்புள்ள லூர்துசெல்விக்கு,

சேசுவுக்கே புகழ். கோயில் படியில் வழுக்கிய என் கால் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. ஜூன் வரை ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாதாடிப் பார்த்தேன். அவர் உன்னைப் போல என்னிடம் படித்தவர் அல்ல, அதனால் பயப்படவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளின் கோடை முகாம் தொடங்குகிறது. என் கணவர் நினைவாகப் பத்து வருடமாக நடத்துகிறேன், நான் இல்லாமல் நடப்பது இதுவே முதல் முறை. பங்குக் கோயில் மண்டபத்துக்கு ஓடு மாற்றுகிறார்கள் என்பதால் ஏற்காடு வாழவந்தி எஸ்டேட்டில் காப்பிக் கிடங்கைத் தந்திருக்கிறார்கள். மே மாதம் கிடங்கு காலியாகத்தான் கிடக்கும். முன்னால் காப்பி உலர்த்தும் சிமெண்டுக் களம் இருக்கிறது. பிள்ளைகள் அதில் ஓடிச் சிராய்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

கால அட்டவணை இத்துடன் இருக்கிறது. அட்டையில் ஒட்டி மாட்டு. காலை ஆறு மணி தொடங்கி இரவு எட்டு வரை அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வேண்டும். கிடங்கு வாசலில் தண்டவாளத் துண்டு தொங்குகிறதாம், அதையே மணியாக வைத்துக்கொள். 26-ஆம் தேதி பெற்றோர் வருவார்கள். பாட்டு ஒப்பித்தல், கையெழுத்துக் கண்காட்சி இரண்டும் வழக்கம்போல நடக்க வேண்டும். போன வருடம் பதினான்கு பாட்டு ஒப்பித்து முதல் பரிசு வாங்கிய பார்வதி இந்த வருடமும் வருகிறாள். வக்கீல் வெங்கடாசலத்தின் மகள், எந்தத் தொந்தரவும் தராத குழந்தை. அவளை முதலில் நிறுத்து.

சமையலுக்குக் குப்பாயி வருவாள். அவள் பேச்சைக் குறைத்து உப்பையும் குறைக்கச் சொல்.

உன்மேல் நம்பிக்கை உள்ள,
ஞானசுந்தரி

வாழவந்தி
10-5-1984

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் சுகம்.

ஒரு சங்கடம் வந்துவிட்டது அம்மா. முதல் நாள் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும், பத்து மணி முதல் நீங்கள் எழுதியபடியே தண்டவாளத்தில் மணி அடித்தேன். பத்தரை மணிக்கு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அருள்சாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏனுங்க டீச்சர், நீங்க பாட்டுக்கு அடிக்கறீங்க, எங்க ஆளுங்க எல்லாம் கத்தியப் போட்டுட்டுச் சோறுண்ண ஊட்டுக்குப் போயிட்டாங்களே" என்றார். காப்பிக்கு நிழல் தரும் மரங்களின் கிளைகளை வெட்டும் கவாத்து நடக்கும் சமயம். எஸ்டேட் ஆட்களுக்கு வேலை தொடங்குவதும் விடுவதும் அந்தத் தண்டவாளச் சத்தத்தில்தானாம். அவர்களைத் திரும்ப மரமேற்ற அவருக்கு அரை மணி நேரம் ஆனது. பதினொன்றுக்கு நான் மறந்துபோய் இன்னொரு முறை அடித்துவிட்டேன். அங்கப்பன் என்கிற ஆள் மரத்தின் மேலிருந்தே, "இன்னைக்கு ரெண்டு சோறுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

இனித் தண்டவாளத்தைத் தொடக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. மூன்று நாளாக மணி இல்லை. காலையில் செபமும் ஒரு மணி நேரம் பாடமும் ஆனதும் பிள்ளைகள் களத்துக்குப் போய்விடுகிறார்கள். பசித்தால் வருகிறார்கள். தங்கள் யோசனையை எழுதுங்கள்.

கீழ்ப்படிதலுள்ள,
லூர்துசெல்வி

சேலம்
12-5-1984

அன்புள்ள லூர்துசெல்விக்கு,

பசித்தால் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கோழிகளும் அப்படித்தான் வருகின்றன.

தண்டவாளத்தைச் சொன்னது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஏற்காடு கடையில் ஒரு விசில் வாங்கி ஊது. கான்வென்ட் விடுதியில் நான் பதினோரு வருடம் மணிக்கு எழுந்து மணிக்குப் படுத்தவள். எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்கப் பழகினோம். அதனால் கெட்டுப்போனவர்கள் யாரும் இல்லை.

பார்வதி எத்தனை பாட்டு முடித்தாள் என்று எழுது.

ஞானசுந்தரி

வாழவந்தி
16-5-1984

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உள்ளதை எழுதிவிடுகிறேன்.

விசில் வாங்கினேன். அதைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். கண்டக்டர் பார்வதி.

அடுப்புக்கரியை எடுத்துப் பிள்ளைகள் களம் முழுவதும் மலைப்பாதை வரைந்திருக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எண்ணோடு இருக்கின்றன. காலிச் சாக்குக்குள் முன்னும் பின்னுமாக நின்றால் பஸ். வளைவில் இரண்டு பஸ் எதிர்ப்பட்டால் எது நிற்பது என்று இரண்டு நாள் சண்டை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்களே கேட்டார்கள் என்று மலைப்பாதை வளைவுக்கு அழைத்துப் போனேன். அரை மணி நேரம் மதில் ஓரம் உட்கார்ந்து பஸ்களைப் பார்த்தார்கள். இறங்கும் வண்டி நிற்க வேண்டும், ஏறும் வண்டிக்கு வழி என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து சண்டை இல்லை. நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள், ஆனால் இப்படிக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

முழங்கால் சிராய்ப்பு ஏழு. மஞ்சள் வைத்தாயிற்று. நான் பலாமரத்தடியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பார்வதி தொந்தரவு தராத குழந்தை என்று எழுதியிருந்தீர்கள். போன வருடம் அவள் பாயை ஒட்டி என் பாய் இருந்தது அம்மா. தினமும் போர்வைக்குள் அழுவாள். நான் கேட்டால், "மணி அடிக்கறதுக்குள்ள ஒப்பிக்க வராதுங்க டீச்சர்" என்பாள். உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அது என் குற்றம். இந்த வருடம் அவள் ஒரு நாளும் அழவில்லை. நேற்றுக் குப்பாயி, "இந்தக் கண்ணு மூணாந்தரம் சோறு கேட்டுதுங்க, போனவாட்டி நொம்பப் பிகு பண்ணுச்சு" என்றாள்.

அவள் ஒரு பாட்டும் முடிக்கவில்லை. மற்றவர்களும் முடிக்கவில்லை. நீங்கள் வேறு ஆளை அனுப்பினால் நான் கோபிக்க மாட்டேன். ஆனால் விசிலை அவளிடமிருந்து நான் திரும்ப வாங்க மாட்டேன்.

லூர்துசெல்வி

சேலம்
18-5-1984

லூர்துசெல்விக்கு,

கடிதம் கிடைத்தது. 26-ஆம் தேதி டாக்டரிடம் கெஞ்சியோ மிரட்டியோ காரில் வருகிறேன். பெற்றோர் முன்னால் ஒப்பித்தல் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அடுத்த வருடம் முகாம் இல்லை. என் கணவர் பெயரில் ஏனோதானோ என்று எதையும் நடத்த எனக்கு விருப்பமில்லை.

ஞானசுந்தரி

சேலம்
29-5-1984

என் அன்பு மகள் லூர்துசெல்விக்கு,

சேசுவுக்கே புகழ். சனிக்கிழமை உன்னிடம் சரியாகப் பேசாமல் காரில் ஏறிவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். பேசினால் குரல் உடைந்துவிடும் போலிருந்தது. என்னிடம் படித்தவர்கள் முன்னால் அது கூடாது.

நான் வந்தபோது நீ கிடங்குக்குள் பெற்றோருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாய். அதனால் களத்தில் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

அங்கப்பனும் இன்னொருவரும் என்னைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து களத்தின் குறுக்கே இறங்கினார்கள். விசில் சத்தம் கேட்டது. பார்வதி கையை நீட்டி மறித்து நின்றாள். "இறங்கற வண்டி நிக்கணும்" என்றாள். அங்கப்பன் என் காதருகே, "ஏனுங்கம்மா, கண்டக்டரம்மா நிக்கச் சொல்றாங்க, எறக்கட்டுங்களா?" என்று கேட்டார். என்னை இறக்கிய இடத்தில் கரியால் பதினான்கு என்று எழுதியிருந்தது. சாக்குப் பஸ் ஒன்று மூச்சிரைத்துக்கொண்டு என்னைக் கடந்து மேலே போனது. அதிலிருந்த ஒரு பிள்ளையும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஏது நேரம்.

பிறகு அவள் என்னிடம், "எங்க போகோணும்?" என்றாள். மேலே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. "அப்ப வண்டியத் திருப்புங்க" என்று அங்கப்பனுக்கு உத்தரவு. மிச்சம் ஆறு வளைவுக்கும் அவர்கள் என்னை வளைத்து வளைத்துத் தூக்கினார்கள். பதினைந்து, பதினாறு என்று அவள் கூவியது கிடங்குக் கூரை அதிரும்படி இருந்தது. போன வருடம் அதே குழந்தை பதினான்கு பாட்டு ஒப்பித்தபோது முதல் வரிசையில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அவள் தந்தை காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்து நின்று, "எம் பொண்ணுங்களா இது?" என்று யாரையோ கேட்டார்.

அரை மணி கழித்து என்னிடம் வந்தார். "மேடம், பாட்டு ஒப்பித்தல் எத்தனை மணிக்கு?" என்றார். அட்டவணை கிடங்குச் சுவரில் மாட்டியிருந்தது, என் கையெழுத்துதான். "இந்த வருடம் வேண்டாமென்று நான்தான் சொல்லிவிட்டேன்" என்றேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்த பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், அது முறையில்லை. வக்கீல் களத்தில் கூவிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அடுத்த வருடம் சின்னவனையும் அனுப்பலாமா என்று கேட்டார். ஆகவே முகாம் இருக்கிறது.

போர்வைக்குள் ஒரு குழந்தை அழுததை நான் நல்லொழுக்கம் என்று எழுதி வைத்தேன். பத்து வருடத்தில் இன்னும் எத்தனை போர்வைகளோ. நீ சொல்லாமல் விட்டது உன் குற்றமல்ல, சொல்ல முடியாத ஆளாக நான் இருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, நன்றி சொல்லத் தெரியும். என்னை எதிர்த்து எழுதியதற்கு நன்றி. விசிலைத் திரும்ப வாங்காததற்கு நன்றி. மஞ்சள் வைத்த ஏழு முழங்கால்களுக்கும் நன்றி. குப்பாயியின் குழம்பில் உப்பு அதிகம்தான், அவளுக்கும் நன்றி சொல்.

அடுத்த வருடத்துக்கு அட்டவணை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். காலைச் செபம், ஒரு மணி நேரப் பாடம், மூன்று வேளை சாப்பாடு, இருட்டும் முன் தலை எண்ணுதல். நடுவில் வெள்ளையாக விட்டிருக்கிறேன். யாராவது அதை நிரப்பப் பார்த்தால், அது நானாகவே இருந்தாலும், தடுத்துவிடு.

களத்தைக் கழுவிவிடட்டுமா என்று அருள்சாமி கேட்டு எழுதியிருக்கிறார். மழைக்கு விட்டுவிடுங்கள் என்று பதில் எழுதினேன்.

பார்வதி எனக்கு டிக்கெட்டாக ஒரு சில்வர் ஓக் மரத்து இலை கிழித்துக் கொடுத்தாள். செபப் புத்தகத்தில் இருக்கிறது. அது ஏறுவதற்கு மட்டும்தானாம், இறங்க வேறு டிக்கெட் வாங்க வேண்டுமாம். அவசரத்தில் நான் வாங்கவில்லை. அவள் கணக்குப்படி நான் இன்னும் மலைமேல்தான் இருக்கிறேன். அப்படியே இருக்கட்டும் என்று அவளிடம் சொல்.

என்றும் அன்புள்ள,
ஞானசுந்தரி