லேப்டாப்புக்குள் வெள்ளித் தூசி

சாத்தூர்,
ஞாயிறு.

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவாய், அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன் பழைய லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்றேனே, நீ சொன்னபடி டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன், நெட்வொர்க் அடாப்டர் இருக்கவேண்டிய இடத்தில் பெயரே இல்லை. டிரைவரை மறுபடி ஏற்றினேன், அணைத்துப் போட்டேன், அப்படி ஒரு பாகமே தனக்குள் கிடையாது என்பதுபோல் நின்றது. சாத்தூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கற்பகவல்லியிடம் கொண்டுபோனேன். பேசிக்கொண்டே அடிமூடியைக் கழற்றியவள் சட்டென்று விளக்கைக் கிட்டே இழுத்தாள். உள்ளே ஃபேன், போர்டு, வைஃபை கார்டு எல்லாவற்றிலும் வெள்ளியை அரைத்துத் தூவியதுபோல் மினுமினுப்பு. துடைத்துக் கார்டைச் செருகியதும் வைஃபை வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். அவள் சிரிக்கவில்லை. விரல் நுனியை விளக்கில் காட்டி, "ஏம்மா, உங்க வீட்ல பட்டாசு மருந்து கலக்குறாகளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்றேன். புதுப்பட்டி வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் நம் பின்கட்டு நினைவுக்கு வந்தது. அட்டைப்பெட்டி அடுக்க வாடகைக்கு எடுத்த சங்கிலிமுத்து ஒருநாளும் அங்கே விளக்குப் போட்டதில்லை. ஜன்னலில் எப்போதும் ஈரச்சாக்கு. செருப்பை வாசலிலேயே விடுவார், மரியாதையான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர் அல்லவா, நேரே போய்ப் பின்கட்டுக் கதவைத் தள்ளினார். தரை முழுக்கத் தாள் விரித்து, வெடிக்குள் அடைக்கும் மணிமருந்து காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் சங்கிலிமுத்து அசையாமல் குந்தியிருந்தார். "சத்தம் போடாதீக அண்ணாச்சி, நல்லா காஞ்சிருச்சு. இப்ப நகட்டக்கூடாது" என்றார். அப்பா, "ஏலே, எம்மக பேறுகாலத்துக்கு வரப்போற வீடுலே இது" என்றார், அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். என்னிடம், "எதையும் தொடாத, அப்படியே வா" என்றார். கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, சுவிட்சில் பொறி பறந்தாலே போதுமாம், அதை அணைக்கக்கூட விடவில்லை.

தெருமுனையில் நின்று அப்பா தீயணைப்புக்குப் போன் செய்தார். அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்யவைத்து, பக்குவமாக எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். இருக்கன்குடி மாரியம்மாள் காத்தாள், வெடிக்கவில்லை. சங்கிலிமுத்தைப் போலீஸ் அழைத்துப் போனது, வண்டியில் ஏறுமுன் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அது ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் துணிமணி எடுக்கப் போனேன். உனக்கென்று ஒழித்துவைத்த அறைக்கும் பின்கட்டுக்கும் ஒரே சுவர், மேலே காற்றுப்போக ஓட்டை. லேப்டாப்பும் அந்த ஓட்டைக்குக் கீழேதான் கிடந்தது. நீ வந்தால் படுக்க நான் விரித்துவைத்திருந்த போர்வையை முற்றத்தில் உதறினேன். வெயிலில் மினுங்கிக்கொண்டு புகைபோல் எழுந்தது, வெகுநேரம் கீழே இறங்கவே இல்லை.

இப்போது சாத்தூரில் உன் பெரியம்மா வீட்டில் இருக்கிறோம், உன் பேறுகாலமும் இங்கேதான். தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடி பிழைத்து நெடுங்காலம் வாழ வேண்டும். டாக்டர் தந்த மாத்திரையை விடாதே. ரயிலில் சாத்தூரிலேயே இறங்கு, பழக்கத்தில் புதுப்பட்டி பஸ் ஏறிவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா பாண்டிலட்சுமி