இடது தோள்

மர்ராபின்
12 மே 1974

அன்புத் தம்பி ராஸுக்கு,

நானும் மார்லீனும் பிள்ளைகளும் நலம். அம்மாவுக்கு மழைக்கு முன்னால் வரும் மூட்டுவலி வந்துவிட்டது, மழைதான் வரவில்லை. கோதுமை விதைப்பு பாதியில் நிற்கிறது.

உன் நல்ல சேதியை உன் வாயால் கேட்கவில்லை என்பதுதான் எங்கள் குறை. வெள்ளிக்கிழமை ரேடியோவில் மாநிலக் கிராமப்புற ஃபுட்டி கால்பந்து சாம்பியன்ஷிப்புக்கான அணிகளை வாசித்தார்கள். "தென்கடல் லீக், கேப்டன் ராஸ் பாஸ்கோ" என்றதும் அம்மா மாவுப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு டெலிபோனுக்கு ஓடினாள், அந்த மூட்டோடு. முதலில் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டல்சியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு ஊரில் வேறு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் லீக்கின் பட்டியலும் வந்தது. பத்துக் கிளப்புகளிலிருந்து பொறுக்கி எடுத்த இருபது பேர். என் பெயர் இல்லை. பதினொரு சீசனாக இல்லாத பெயர் இந்த வருடம் இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. போன வருடம் எழுபத்தோரு கோல் அடித்தேன். சரி, விடு.

நீ அங்கே போய் இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் கேப்டன். "அந்தப் பக்கம் பால்மாடுங்களத் தவிர ஆடறதுக்கு யாரும் இல்ல போலருக்கு" என்று மார்லீனிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

உன் லீக்கின் கருஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் அம்மா மஃப்ளர் பின்ன ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவள் மஃப்ளர் பின்னியதாக ஞாபகம் இல்லை. எனக்குக் குளிராது என்று நினைக்கிறாளோ என்னவோ.

வாழ்த்துகளுடன் உன் அண்ணன்
நெவில்

டார்லிமோர்
24 மே 1974

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் உனக்குப் போன் செய்யாததற்கு என்னை நாலு திட்டு திட்டு. உன் பெயரும் வரும், இரண்டையும் சேர்த்துப் பேசலாம் என்று காத்திருந்தேன். உங்கள் தேர்வாளர்களுக்குக் கண் எங்கே இருக்கிறதோ தெரியவில்லை. எழுபத்தோரு கோல் அடித்தவனை வீட்டில் உட்கார வைப்பார்களா?

இங்கே வெண்ணெய்த் தொழிற்சாலையில் என்னைக் கிண்டல் பண்ணியே கொல்கிறார்கள். கொதிகலன் பார்க்கும் டச்சுக்காரர் ஹென்க் தினமும் சல்யூட் அடிக்கிறார். "வாய்யா கேப்டன்! பந்துன்னா உருண்டையா இருக்கணும்யா. இந்த முட்டப் பந்தத் தொரத்திக்கிட்டுத் திரியறதுக்கு ஒரு கேப்டனா?"

அண்ணா, இனி எழுதுவது உனக்கு மட்டும். ஏப்ரலில் ஓர் ஆட்டத்தில் என் இடது தோள் மூட்டு கழன்றுவிட்டது. வெறும் சுளுக்கு என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் போய் உள்ளே தள்ளிச் சரிசெய்துகொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை தானாகவே நழுவிவிட்டது. "இன்னொரு தடவ அடி பட்டுச்சுன்னா ஆபரேஷன்தான். அப்பறம் ஆட்டத்த மறந்துடு" என்கிறார் டாக்டர். ஜெர்சிக்கு அடியில் இறுக்கமாகப் பட்டை சுற்றிக்கொண்டு ஆடுகிறேன். எங்கள் கோச்சுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் கேப்டனும் கிடையாது, ஒன்றும் கிடையாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி
ராஸ்

மர்ராபின்
1 ஜூலை 1974

அன்புத் தம்பிக்கு,

மழை கொட்டித் தீர்த்துவிட்டது. விதைத்தாயிற்று.

இதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். நீங்களும் அரையிறுதியில் ஜெயித்தீர்கள், நாங்களும் ஜெயித்தோம். பதின்மூன்றாம் தேதி பாலரட்டில் இறுதி ஆட்டம். "நாங்கள்" என்று ஏன் எழுதுகிறேன் தெரியுமா? எங்கள் ரீவ்ஸ் டிராக்டரிலிருந்து இறங்கும்போது கணுக்காலை முறித்துக்கொண்டான். அவனுக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபதாம் நம்பர், கடைசி மாற்று ஆள். யாருக்காவது அடிபட்டால் இறங்குவேன், இல்லாவிட்டால் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்றுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கு அந்த மஃப்ளரயா போட்டுக்கப் போற?"

"பின்ன?"

"நானும் ஆடறேம்மா. நம்ம ஊரு லீக்கு."

"நீ பெஞ்சுலதானடா ஒக்காரப் போற. அவன் கேப்டன். அதுவும் தனியாக் கெடக்கான். அவனுக்குன்னு அந்தப் பக்கம் கை தட்ட யாரு இருக்கா?"

மார்லீன் என் தட்டில் உருளைக்கிழங்கை வைத்து, "இன்னும் ரெண்டு போடவா?" என்றாள். நான் கத்தப் போகிறேன் என்று தெரிந்தால் அவள் இப்படித்தான் செய்வாள். நான் கத்தவில்லை.

பயிற்சியில் எங்கள் கோச் ட்ரான்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். "பாஸ்கோ, ஒன் தம்பிய எப்படிய்யா நிறுத்தறது?" "நிறுத்த முடியாது கோச்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தோளைப் பார்த்துக்கொள்.

நெவில்

மர்ராபின்
17 ஜூலை 1974

அன்புத் தம்பி ராஸுக்கு,

இப்போது வலி எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ தூங்குவதாக நர்ஸ் சொன்னாள். திராட்சை வாங்கி வந்திருந்தேன், அவளிடம் கொடுத்தேன். கிடைத்ததா?

எங்கள் அணி மெக்கிண்டி உன் தோளில் வேண்டுமென்று மோதியிருக்க மாட்டான். அந்தச் சேற்றில் யாருக்கும் கால் நிற்கவில்லை. நீ வெளியே போனதும் உங்கள் ஆட்கள் தலையில்லாத கோழி மாதிரி ஓடினார்கள். பத்து நிமிடத்தில் எங்கள் பக்கம் ஒருவனுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ள, என்னை இறக்கினார்கள். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் மூன்று கோல் அடித்தேன். மூன்றாவது மிகவும் கோணலான இடத்திலிருந்து அடித்தது. மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. ஒரு கோலுக்கும் குறைவாக, நாலே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா உன்னோடு ஆம்புலன்ஸில் போய்விட்டாள். மூன்றில் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

உடனே பதில் போடு.

நெவில்

மர்ராபின்
18 ஆகஸ்டு 1974

அன்புத் தம்பிக்கு,

இதற்கு நடுவில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானே என் கையால் எழுத வேண்டும்.

ஆட்டத்துக்கு முந்தின வியாழன் மாலை பயிற்சி முடிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ட்ரான்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நெவ், ஒளிச்சு மறைச்சுப் பேசல. சனிக்கெழம ஒன்ன எறக்கறதா எனக்கு யோசன இல்ல. ஆனா ஒன் தம்பியப் பத்தி ஒனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது."

"இடது தோள்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் என் முதுகில் தட்டிவிட்டு எழுந்து போனார். எனக்கு முன்னால் பத்தொன்பதாம் நம்பர்க்காரன் நம்பிக் காத்திருக்க, சனிக்கிழமை என்னை ஏன் முதலில் இறக்கினார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அம்மா பின்னிய மஃப்ளரால்தான் சொன்னேன் என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அது பொய். ரேடியோவில் உன் பெயரைக் கேட்ட அன்றே என் வயிறு எரிந்தது. நீ விழ வேண்டும் என்று நினைத்தேன். நீ விழுந்தபோது, நீ கத்திய சத்தம் காதில் விழுவதற்கு முன்னால், ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். இதை மார்லீனிடம்கூடச் சொல்லவில்லை.

நீ சொன்னால் இன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

நெவில்

டார்லிமோர்
8 செப்டம்பர் 1974

நெவில் அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. திராட்சையும் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, இனி எழும்பாது என்கிறார்கள். தொழிற்சாலையில் எடை பார்க்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். காலையில் ஹென்க் வந்து கோட்டு மாட்டிவிடுகிறார். இப்போது அவர் கிண்டல் செய்வதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் எழுதிய விஷயம் எனக்கு அன்றே தெரியும். மெக்கிண்டி மோதியபோது பந்து முப்பது கஜம் தள்ளி இருந்தது. அவன் என் பக்கத்தில் குனிந்து, "மன்னிச்சுக்கப்பா, சொன்னாங்க, செஞ்சேன்" என்றான். அழுதேவிட்டான். டாக்டரை விட்டால் அந்தத் தோளைப் பற்றி அறிந்தவர் ஒருவர்தான்.

உங்களுக்கு வயிறு எரிகிறது என்பதும் தெரியும். பால்மாடுகளைப் பற்றி எழுதினீர்களே, அப்போதே தெரிந்தது. தெரிந்துதான் தோளைப் பற்றி எழுதினேன். என்னிடம் இருக்கும் குறையைக் காட்டினால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரப்போவதில்லை. அம்மாவிடம் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் அம்மாவிடம் எதையும் சொல்லக் கூடாது. போன வாரம் அவள் எனக்கு எழுதியிருந்தாள். உங்களைத் தூக்கிக்கொண்டு போகும் படம் பேப்பரில் வந்ததாம். அதை வெட்டிக் கண்ணாடி போட்டு, அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறாளாம். "நெவில் இத்தன வருஷம் காத்துக் கெடந்தான், அந்த நேரம் பாத்து நான் அங்க இல்லாமப் போயிட்டேனே" என்று பக்கம் பக்கமாக வருத்தப்பட்டிருக்கிறாள். நீங்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லையாம்.

திறங்கள். அவள் கேட்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து, அந்த மூன்று கோலையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
ராஸ் பாஸ்கோ