கமலைத் தூணில் கட்டிய கயிறு

என் மாப்பிள்ளை சின்னச்சாமிக்கு,

நீ போய் மூன்று கோடை ஆயிற்று. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இன்று எழுதுகிறேன் என்றால், பம்பு கெட்டுப்போயிருக்கும் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். வேறு எதற்கு உன்னைத் தேடியிருக்கிறேன்?

தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் நீ வளையம் வளையமாக அடைத்தாயே, அந்தக் கயிறு தேய்ந்துவிட்டது. அந்த வழியே பம்பு காற்றை இழுத்தது. எஞ்சின் கத்தியது, தண்ணீர் ஏறவில்லை. மல்லிகை வாடி, நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறும் நம் கூடை பாதியாயிற்று.

முதலில் என் மூளையை உபயோகித்தேன். எதையும் கழற்றாமல், உன் அக்காளின் பழைய சேலையைத் திரித்துத் தண்டின்மேல் வெளியிலேயே சுற்றினேன். அரைமணியில் கருகல் வாசனை. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவனின் வேலை அப்படித்தான் இருக்கும். பிறகு திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வந்தார். எட்டிப் பார்த்து, "இந்தக் கெணத்துலயாண்ணே?" என்றார். அவ்வளவுதான், சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

கிணற்றின் பாதி ஆழத்தில், திட்டின்மேல் இருக்கிறது எஞ்சின். தினமும் இறங்கிக் கிளப்பிவிட்டு, நாய் துரத்துகிறவன்போல மேலே ஓடி வந்துவிடுவேன். ஆனால் கயிறு மாற்றினால் அது முடியாது. ஓடும் எஞ்சின் பக்கத்திலேயே குந்தி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடியும்வரை மரையைத் திருகிச் சரிபார்க்க வேண்டும். புகை சூழ்ந்தால் ஆள் மயங்குவான். அதற்குத்தானே நம் ஊரில் அந்த வழக்கம்? கீழே இருப்பவன் இடுப்பில் வடம். மேலே நிற்பவன் அடிக்கொரு தரம் சுண்டுவான், கீழே இருப்பவன் திருப்பிச் சுண்ட வேண்டும்.

அன்று உன் இடுப்பில் வடம் இருந்தது. மறுமுனை என் கையில் இல்லை. மாடு கட்டி இறைத்த காலத்துக் கமலைத் தூணில் கட்டிவிட்டு, செத்த நேரம் டீக்கடைக்குப் போனேன். "எம் மாப்ள கைய வச்சா எஞ்சினே பேசும்லே" என்று அங்கே உன்னைப் பற்றித்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது நீ புகைக்குள் மூச்சற்றுக் கிடந்தாய். சுண்டினேன், பதில் இல்லை என்று ஊருக்குச் சொன்னது பொய். உன் அக்காளுக்குச் சொன்னதும் அதே பொய்.

நீ எத்தனை முறை சுண்டினாய்?

மூன்று வருஷமாக என் வெறும் இடுப்பில் வடம் சுண்டுகிறது. சோற்றில் கை வைக்கும்போது, பஸ்ஸில் கண் அசரும்போது. திடுக்கிட்டுத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

நேற்றுக் காலை கயிறு மாற்ற நானே இறங்கத் துணிந்தேன். உன் அக்காள் வடத்தை எடுத்தாள்.

"நாந்தான் புடிப்பேன்."

"நீயா? கொழம்பு கொதிக்குதுன்னு பாதியில ஓடிருவ."

"எந்தம்பிக்கு நீங்க புடிச்ச மாதிரி நானும் புடிப்பேன். எறங்குங்க."

இறங்கினேன். மரையில் ஸ்பேனரை வைத்ததும் கை நின்றுவிட்டது. கயிற்றை அழுத்தும் இரண்டு மரைகளில் ஒன்று இறுகியிருந்தது, மற்றது தளர்வாகவே இருந்தது. நீ பாதியில் விட்ட இடம். மூன்று வருஷமாக அதை யாரும் தொடவில்லை. கயிறு ஒரு பக்கமாகவே தேய்ந்ததும் அதனால்தான்.

பழைய வளையங்களைக் கம்பியால் கொக்கிபோட்டு இழுத்தேன். புதுக் கயிற்றை வெட்டி, கிரீஸ் தடவி, நீ செய்வதுபோல வெட்டுவாய்கள் ஒரே பக்கம் வராமல் அடைத்தேன். இனி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அதற்கு முன்பு மேலே பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"ஏ புள்ள, அன்னிக்கு வடம் என் கையில இல்ல. தூண்ல கட்டிப்புட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

விளிம்பில் தெரிந்த அவள் தலை மறைந்தது.

மேலே ஏறிப் போக எனக்கு முகம் இல்லை. எஞ்சினைக் கிளப்பினேன். புகை கண்ணைக் கரித்தது. நீ விட்ட மரையைத் திருகினேன். இடுப்பில் வடம் தொய்ந்து கிடந்தது. உனக்கும் இப்படித்தான் கிடந்ததா, மாப்ளே? அண்ணாந்து பார்த்தாயா?

திடீரென்று ஒரு சுண்டு. நான் பின்னால் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். திருப்பிச் சுண்டினேன். மறுபடி இழுத்தாள், மறுபடி, மறுபடி. வேலை முடியும்வரை விடவில்லை.

மேலே வந்தபோது அவள் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "மடையத் திருப்புங்க" என்றாள். அதற்குப் பிறகு இந்த நிமிஷம்வரை சோறு மட்டும் வைக்கிறாள்.

தண்ணீர் ஏறுகிறது. செம்பட்டி வரைக்கும் கரண்ட் கம்பம் நட்டுவிட்டார்கள். மோட்டார் வந்தால் புகையே இருக்காது என்கிறாள் என் மகள், உன் மருமகள். வரட்டும். அதுவரை அந்தக் கிணற்றில் யார் இறங்கினாலும் வடத்தின் மறுமுனை என் கையில்தான் இருக்கும். கமலைத் தூணை இன்று காலை வெட்டிச் சாய்த்துவிட்டேன்.

உன்னை விட்டுவிட்டுப் போனவன்,
உன் அக்காளைக் கட்டிய மச்சான்.