அம்சத்தின் பங்கு நடவு

அன்பு மகள் அறிவுமதிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும், வாய்க்காலில் நேரத்துக்குத் தண்ணீர் வந்த புண்ணியத்தில் வயலும் நலம். ஜெனீவா குளிரில் நீ நலமாக இருக்க நம் மாரியம்மன் துணை. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று பறப்பாய், இது பறக்கிறவளிடம் சொல்லும் சேதி இல்லை.

சம்பா நடவு முடிந்தது. எங்கள் நடவுக் கோஷ்டியின் வழக்கம் உனக்குத் தெரியும், ஒருத்திக்கு முடியாமல் போனால் அவள் வீட்டிலிருந்து பதில் ஆள் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்தத் தடவை எதிர்வீட்டு அம்சத்துக்கு மஞ்சள்காமாலை, எழுந்து உட்காரவும் தெம்பில்லை. அவள் புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான். விடிந்ததும் வரப்பில் யார் நிற்கிறது என்கிறாய், அவள் மகள் மங்களாம்பிகை. எட்டாவது படிக்கிறது, பேர்தான் பெரிது, ஆள் மண்வெட்டிக் காம்பு உயரம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மாவுக்குப் பதிலா வந்திருக்கேன் பெரியம்மா என்கிறது. வயல்காரர் இராஜாங்கமோ, ஆள் குறைஞ்சா நடவு மெஷினை எறக்கிடுவேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் மற்றவர்கள், வந்த புள்ள நடட்டுமே, நாமெல்லாம் அந்த வயசுல நடலியா என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நட்டு என்னத்தக் கண்டோம் என்று கத்தினேன். நீ சொல்லித் தந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன், படிக்கிற வயசு முடியாம புள்ளைய வேலையில எறக்கக் கூடாதுன்னு நாடெல்லாம் கூடி விதி எழுதியிருக்கு, மருந்தடிக்கிற மாதிரி ஆபத்தான வேலைன்னா பதினெட்டு முடியணும், அந்த விதியக் காக்கிற ஆபீஸ்லதான் எம்மவ இருக்கா என்றேன். அதற்கு ஒருத்தி, அந்த நாடெல்லாம் வந்து அம்சம் பங்கை நடுமா என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே. நாடு வராது, நாமதான் நடணும் என்று சொல்லி முதல் நாற்றுமுடியை நானே எடுத்தேன். மற்றவர்களும் பின்னாலேயே இறங்க, ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக அம்சத்தின் பங்கையும் நட்டு முடித்தோம். கூலியும் அம்சத்துக்கே, இடமும் அவளுக்கே. என் இடுப்பு ஒடிந்தது தனிக்கதை. நான் விரட்டினதில் மங்களா அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனது, என்னைக் கண்டால் இன்னும் முறைக்கிறது.

அந்த முறைப்பில் உன்னைத்தான் பார்த்தேன். நீ ஏழாவது படிக்கையில் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, என்னிடம் சொல்லாமலே என் இடத்தில் போய் நின்றாய். அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த அம்சம் எல்லார் முன்னாலும் சேற்றை அள்ளி எறிந்து விரட்டினாள் என்று வந்து அழுதாய். இன்றுவரை அவளோடு நீ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன்னை விரட்டிவிட்டு அன்று என் பங்கையும் சேர்த்து நட்டவள் அவள்தான் மகளே. சாயங்காலம் என் கூலியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, புள்ளைகிட்ட சொல்லிடாதீங்கக்கா, எம்மேல இருக்கிற கோவத்துலயாவது ஸ்கூல் போவட்டும் என்றாள். அதனால்தான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று கஞ்சி கொண்டுபோனபோது, அறிவுக்கு இன்னும் எம்மேல கோவமாக்கா என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

அந்த விதியை எழுதினவர்களுக்கு என் கும்பிடு, அதைக் காக்கிற வேலையில் என் வயிற்றுப் பிள்ளை இருப்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் உன்னை அந்த ஆபீஸ் நாற்காலி வரைக்கும் விரட்டினது அம்சத்தின் கைச்சேறுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நூறு வயது நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அம்சத்துக்குப் போன் பண்ண மறக்காதே. விதி கிதி ஒன்றும் பேச வேண்டாம், சித்தி என்று கூப்பிடு, போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கண்ணாத்தாள்
குத்தாலம்